ஓடாத காரும் நிற்காத காரும்

மேல்கோட்டையில் செல்வநாராயணனைச் சேவித்துவிட்டு, புளியோதரைப் பொட்டலங்களோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். 2011ஆம் ஆண்டு, வைரமுடி சேவை முடிந்து கூட்டம் வடிந்திருந்த நேரம். முன் இருக்கையில் அம்மா. பின்னால் பெரியம்மாவும் அவர் பேத்தியும். ஜக்கனஹள்ளி நோக்கிச் சரியும் சாலையில் ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல், பஞ்சுத் தலையணையில் கால் வைத்ததுபோல் உள்ளே போயிற்று. வண்டியின் வேகம் குறையவில்லை.

பெடலை விட்டு விட்டு மூன்று முறை மிதித்தேன். கியரை இரண்டாவதுக்குத் தள்ளி, கைபிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலை ஒட்டி வண்டியை நிறுத்தினேன்.

"ஏன்டா நிறுத்திட்டே?" என்றார் அம்மா.

"இன்ஜின் சூடாயிருக்கும்மா" என்றேன். பொய். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய மாருதி 800க்கு நானே பிரேக் ஆயில் மாற்றியிருந்தேன். மெக்கானிக்குக் கொடுக்கவேண்டிய கூலியை மிச்சப்படுத்திவிட்ட பெருமையில் அந்த வாரம் முழுவதும் மிதந்துகொண்டிருந்தேன்.

பைக்கில் போன ஒருவர் மலையடிவாரத்திலிருந்து மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தார். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் இரண்டே கேள்விகள் கேட்டார்: "ஆயில் யார் மாத்தினது ஸார்?" "டின் எப்போ திறந்தது?" முதல் கேள்விக்கு நான் என்றேன். இரண்டாவதற்குத்தான் சங்கடம். ஒரு வருஷத்துக்கு மேலாக அலமாரியில் கிடந்த, பாதி தீர்ந்த டின் அது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வண்டி ஆறியதும் புது டின் ஒன்றை உடைத்தார். என்னைப் பெடலை மிதிக்கச் சொல்லி, நான்கு சக்கரங்களிலும் காற்றை வெளியேற்றினார்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் திரவம். மூடி திறந்த டின் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். 'டாட் 3' என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது தர அளவு. நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவான தண்ணீர் கலந்தாலே அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். மலை இறக்கத்தில் இடைவிடாமல் பிரேக் பிடித்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியாகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். கால் கொடுக்கும் அழுத்தம் ஆவியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. குழாயில் ஏற்கெனவே காற்றையும் விட்டுவைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். நான் இரண்டு தவறையும் செய்திருந்தேன். வீட்டு வாசலிலும் சமதளச் சாலையிலும் பிரேக் நன்றாகவே பிடித்தது என்பதுதான் இதில் பயங்கரம். தவறு மலைக்காகக் காத்திருந்தது.

எந்த வேலையை நாமே செய்வது, எதை மெக்கானிக்கிடம் விடுவது என்று கேட்பவர்கள் வழக்கமாகப் பணத்தையும் திறமையையும்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு மிச்சமாகும்? என்னால் முடியுமா? அன்றைக்குப் பிறகு நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு: நான் தவறாகச் செய்தால் என்ன ஆகும்? கார் ஓடாமல் போகும் என்றால் நானே செய்து பார்ப்பேன். கார் நிற்காமல் போகும் என்றால் தொடமாட்டேன்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பட்டியல் தானாகப் பிரிந்துவிடுகிறது. டயரில் காற்றழுத்தம் பார்ப்பது, காற்று வடிகட்டியை மாற்றுவது, வைப்பர் ரப்பர், பல்பு, ஃப்யூஸ், பேட்டரி முனைகளில் படியும் வெள்ளைப் பொடியைச் சுத்தம் செய்வது, இன்ஜின் ஆயில் அளவையும் கூலன்ட் அளவையும் பார்ப்பது எல்லாம் நம் வேலைகள். தவறினால் வண்டி கிளம்பாது, அல்லது வைப்பர் கிறீச்சிடும். இவற்றுக்காக ஒர்க் ஷாப் வாசலில் அரை நாள் காத்திருப்பது வீண்.

பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், பெட்ரோல் குழாய், ஏர்பேக் ஆகியவை மறுபக்கம். இவற்றில் செய்யும் தவறு வீட்டு வாசலில் தெரியாது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில்தான் தெரியும். ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் கட்டாயம். அதன் ஒயரைத் தெரியாமல் நோண்டினால் பை முகத்துக்கு நேரே வெடித்து விரியலாம். மின்சாரக் கார்களில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட பேட்டரி சாதாரணம். அவற்றில் ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்களைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே புத்திசாலித்தனம்.

சுலபமான வேலைகளிலும் சில ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. டயர் மாற்றுவது எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டிய வேலை. ஆனால் ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் தலையை நுழைப்பது தற்கொலைக்குச் சமம். கூலன்ட் ஊற்றுவதில் வித்தை எதுவும் இல்லை. ஆனால் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். மலை ஏறி வந்ததும் அவசரமாக மூடியைத் திருகி வெந்துபோன கைகள் நம் ஊர்களில் ஏராளம்.

நம் அப்பாக்கள் இதையெல்லாம் யோசித்தார்களா? அம்பாசடர், ஃபியட் வைத்திருந்தவர்கள் டிக்கியில் ஸ்பானர் பையில்லாமல் ஊர் தாண்டியதில்லை. கார்புரேட்டரைக் கழற்றி ஊதுவதும், பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பதும் குடும்பத் தலைவரின் தகுதிகளில் சேர்த்தி. அந்தக் கார்கள் அடிக்கடி நின்றன. தவறினால் மறுபடியும் நின்றன, அவ்வளவுதான். கோவையில் ஜி.டி. நாயுடு இளம் வயதில் வாங்கிய மோட்டார் சைக்கிளை முழுக்கப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அவர் பிரித்துப் பழகியது தன் சொந்த வண்டியை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டு, பிறரை ஏற்றிக்கொண்டது அதற்குப் பிறகு.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் ஆண்டு முதல் படிப்படியாக இறுக, கார்புரேட்டர் போயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. இன்றைய காரில் கோளாறை முதலில் கண்டுபிடிப்பது கம்ப்யூட்டர். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சின்னக் கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால், செல்போனில் கோளாறு எண் வந்துவிடும். உடனே நாமும் மெக்கானிக் ஆகிவிட்டதாக நினைப்பு.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல எனக்கு உரிமையுண்டு. அகராதியில் சொல் கிடைத்துவிட்டால் பொருள் கிடைத்துவிட்டதாக ஆகாது. 'பி 0171' என்ற எண், இன்ஜினுக்குள் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிறது. ஏன் என்று சொல்வதில்லை. எங்காவது ரப்பர் குழாய் வெடித்துக் காற்று கசியலாம். காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம். பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். எண்ணைப் பார்த்ததும் சென்சாரை வாங்கி மாட்டுபவர், மூன்றாவது முறை பணம் இழந்த பிறகு மெக்கானிக்கிடம் போகிறார்.

அதற்காக மெக்கானிக் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று தலையாட்டச் சொல்லவில்லை. காரை அவரிடம் விடலாம், கவனத்தை விடக்கூடாது. சத்தம் எப்போது வருகிறது? வண்டி சூடான பிறகா, காலையிலா? பிரேக் பிடிக்கும்போதா, திரும்பும்போதா? இடப்பக்கமா, வலப்பக்கமா? இதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் பாதி ரிப்பேர் முடிந்தது. "என்னவோ சத்தம் வருது, பாருங்க" என்பவருக்குத்தான் பில் நீளுகிறது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இவை ஸ்பானர் பிடிக்காமலே நாம் செய்யக்கூடிய வேலைகள்.

யாரிடம் விடுவது என்பதில் நமக்குள்ள உரிமையும் சின்ன விஷயமல்ல. உதிரிபாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் தங்கள் அங்கீகாரம் பெற்ற ஒர்க் ஷாப்களுக்கு வெளியே கிடைக்கவிடாமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. இந்த உரிமையால் பயன் பெறவேண்டியவர் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கான நான் அல்ல. ஜக்கனஹள்ளிப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் வேலை செய்பவர். பாகமும் கருவியும் தகவலும் அவருக்குக் கிடைக்கவில்லை என்றால், மலைச் சாலையில் நிற்கும் காருக்கு நகரத்திலிருந்து இழுவை வண்டி வரும்வரை காத்திருக்கவேண்டியதுதான்.

இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறையாவது மேல்கோட்டை போகிறோம். மைசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். முதல் நாள் காற்று, ஆயில், கூலன்ட் மூன்றையும் நானே பார்த்துவிடுகிறேன். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக் மாற்றுகிறார். டின்னை என் கண் முன்னால் உடைக்கச் சொல்கிறேன். இறங்கும்போது இரண்டாவது கியர். பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே வருவதில்லை.

போன முறை இறங்கும்போது, அந்த ஜல்லிக் குவியல் இருந்த இடம் வந்ததும் அம்மா கேட்டார்: "அன்னிக்கு இன்ஜின் சூடுன்னியே, பிரேக்தானே போச்சு?"

"எப்படித் தெரியும்?"

"இன்ஜின் சூடானா நீ எதுக்குடா அப்படி வேர்த்துக் கொட்டினே?"