புல்வெளியில் மரம் நட வேண்டாம்

பெருமதிப்பிற்குரிய நீலகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திருப்பூரில் பிறந்து வளர்ந்தவன். பிழைப்புக்காக இப்போது நீலகிரியின் சோலூரில் குடியிருக்கிறேன். திருப்பூரில் ஒரு மரம் நிற்கிறதென்றால், யாரோ நட்டுத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றியதாகத்தான் இருக்கும். 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கத்தினர் 2015 முதல் லட்சக்கணக்கில் கன்றுகள் நட்டிருக்கிறார்கள். நொய்யல் ஆற்றில் சாயம் ஓடி, 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊருக்கு அது பெரிய புண்ணியம். ஆனால் அதே புண்ணியம் இந்த மலையில் பாவமாகிவிடும் என்பதற்காகவே இந்த மடல்.

வந்த புதிதில் சோலூர் கண்ணுக்கெட்டியவரை பச்சை. காலமெல்லாம் தேயிலை பறித்த பக்கத்து வீட்டுப் பாட்டியோடு கிளன்மார்கன் சாலையில் நடந்தால், அந்தப் பச்சை தனித்தனியாகப் பிரிகிறது. சரிவெல்லாம் தேயிலை. மேட்டில் கற்பூர மரமும் சீகையும். ஓடைப் பள்ளத்தில் மட்டும் கரும்பச்சையாய்க் கொஞ்சம் சோலை. புல்வெளி எங்கே என்றால், "அதத்தான் சீகை தின்னுருச்சே தம்பி" என்கிறார்.

கற்பூர மரம், சீகை இரண்டும் வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்டவை. பிறகு சீகைப் பட்டை தோல் பதனிடப் போனது. மரக்கட்டை சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குப் போய் செயற்கை இழையானது. சுதந்திரத்துக்குப் பின்னும் புல்வெளியைத் தரிசு என்றே எண்ணி, அரசே இவற்றை நட்டு நிரப்பியது. பனியன் தைக்கும் திருப்பூர்க்காரனுக்கு இந்தக் கதை கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

புல்வெளி தரிசு அல்ல. பெய்யும் மழையைப் புல்லும் சோலையும் மண்ணுக்குள் இறக்கி, கோடையிலும் ஓடையில் கசிய விடுகின்றன. மாயாறும் பவானியும் அப்படி வளர்பவை. மேட்டுப்பாளையத்திலிருந்து திருப்பூர்க் குழாய்களுக்கு வருவதும் பவானித் தண்ணீர்தான். ஆக, இங்கே புல் போனால் அங்கே குடம் காயும்.

சீகை போன்ற அயல் தாவரங்களை அகற்ற 2022இல் தமிழக அரசு கொள்கையே வகுத்தது. வெட்டினால் மட்டும் போதாது. சீகை விதை பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்து முளைக்கும். ஆண்டுதோறும் நாற்றைப் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்குங்கள். அந்த வேலையை இம்மலையின் பழங்குடிகளான தோடர்களைக் கேட்டுச் செய்யுங்கள். கோயில் கூரை வேயச் சதுப்புப் புல் தேடி அலைபவர்கள் அவர்கள். எங்கே எது இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

மாநிலப் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கும் இலக்கு நல்லதுதான். அந்தக் கணக்கை நிரப்ப நீலகிரியில் எஞ்சிய புல்வெளியைத் தொட வேண்டாம். நடுவதென்றால் பள்ளத்தில் நடட்டும். நாவல், காட்டுப்பூவரசு போன்ற சோலை மரங்களையே நடட்டும். சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் கன்றும் பதாகையுமாகக் கிளம்பும் பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும், அதற்கு முன்பே இதை ஒரு சுற்றறிக்கையாக அனுப்பிவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
சோலூருக்குப் புதியவன்