காவற்கலங்கள் கட்டும் அணை

கொரோனா என்றதும் எம்மவருக்கு நினைவில் வருவது சுவாசப்பையே. ஆயினும் அந்நோயால் மாண்டோர் பலரது உடலில் குருதி உறைந்து கிடந்தது. 2020 மார்ச்சில் கிங்ஸ்பரி மக்கள் நாடும் நோத்விக் பார்க் வைத்தியசாலை, தீவிர சிகிச்சைக் கட்டில்கள் நிரம்பியதால் நெருக்கடி நிலையை அறிவித்தமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். முதலாவது அலையில் எமது பிறென்ற் பகுதி, இங்கிலாந்திலேயே மரணவீதம் மிக உயர்ந்த இடங்களுள் ஒன்றாக இருந்தது. "இரத்தம் தடிக்கிறதாம், அஸ்பிரின் போடுங்கோ" என்ற அறிவுரையும் அப்போது தொலைபேசி வழியே வீடு வீடாகப் பரவிற்று. இன்றும் காய்ச்சல் கண்டால் அவ்வாறு சொல்வோர் உளர். அது ஆபத்தான அறிவுரை.

காயம் பட்டால் குருதிச் சிறுதட்டுகள் கூடி அடைக்கும் என்று பள்ளியில் படித்தோம். நான் வரலாறு கற்பித்தவன். எனினும் விஞ்ஞான பாடநூலில் குருதியுறைவு ஓர் அத்தியாயமாகவும் நோயெதிர்ப்பு வேறோர் அத்தியாயமாகவும் இருந்ததை அறிவேன். உடலில் அத்தகைய பிரிவினை இல்லை. குதிரைலாட நண்டில் கிருமியை எதிர்ப்பதும் குருதியை உறையச் செய்வதும் ஒரே வகைக் கலத்தின் வேலை. எமது உடலில் வேலை பிரிந்துவிட்ட போதிலும் பழைய உறவு அறவில்லை.

நியூற்றோபில் எனும் வெண்குருதிக்கலம், நோயை எதிர்க்கையில் தன் கருவிலுள்ள டீஎன்ஏ இழைகளையே வெளியே வலையாக வீசுகின்றது. பேர்லினிலுள்ள மக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதனை 2004 இல் வெளியிட்டனர். கிருமி மட்டுமன்றிக் குருதிச் சிறுதட்டுகளும் செங்கலங்களும் அவ்வலையில் ஒட்டிக்கொள்கின்றன. மொனோசைற்று என்ற இன்னொரு காவற்கலமோ, உறைதலைத் தொடக்கிவைக்கும் இழையக் காரணி எனும் புரதத்தைத் தன் மேற்பரப்பில் ஏந்துகின்றது. கிருமி பரவாதபடி சிறு குழாய்களில் அணை கட்டுவதே நோக்கம் எனலாம். அணை அளவோடு இருந்தால் காப்பு. சுவாசப்பையின் நுண்குழாய்கள் எங்கும் எழுந்தால் உள்ளே இழுத்த காற்றிலிருந்து ஒட்சிசனை ஏற்றிச்செல்லக் குருதி இராது. கொரோனாவால் இறந்த எழுவரின் சுவாசப்பைகளை இன்புளுவென்சாவால் இறந்த எழுவரின் சுவாசப்பைகளோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2020 இல் வெளியாயிற்று. மயிர்க்குழாய்களில் நுண்கட்டிகள் முன்னவரிடம் 9 மடங்கு மிகுந்திருந்தன.

அப்படியாயின் அஸ்பிரின் உதவியிருக்க வேண்டுமல்லவா? ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் நடத்திய 'றிக்கவரி' ஆய்வில், வைத்தியசாலையில் இருந்த ஏறத்தாழ 15,000 கொரோனா நோயாளரிடம் இது பரிசோதிக்கப்பட்டது. 2021 இல் வந்த முடிவின்படி, அஸ்பிரின் பெற்றோரிலும் பெறாதோரிலும் 17 வீதத்தினர் மாண்டனர். அஸ்பிரின் சிறுதட்டுகளைத் தடுக்கின்றது; காவற்கலங்களின் வலையை அது அறுப்பதில்லை. ஹெப்பாரின் ஊசி பயன்பட்டது உண்மை. அதன் முழு அளவும் மிதமாக நோயுற்றோருக்கே உதவிற்று. தீவிர சிகிச்சையில் இருந்தோருக்கு உதவவில்லை. (அது பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது என்பதைச் சைவ உணவினர் பலர் அறியார்.)

மார்கழி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் செல்வோர் இதனை இன்னும் கருத்தாகக் கேட்கவேண்டும். மாரிமழையோடு அங்கே டெங்கு பெருகும். 2017 இல் மட்டும் இலங்கை முழுவதும் 1,86,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்குவும் வைரசு நோயே; ஆனால் அதில் சிறுதட்டுகள் குன்றுகின்றன, குழாய்ச் சுவர்கள் கசிகின்றன, குருதிப்பெருக்கே அங்கு அச்சம். அந்நிலையில் விழுங்கும் அஸ்பிரினோ இபுபுறூபனோ உயிருக்கே உலை வைக்கலாம். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் குறித்த அளவில், நிறைய நீராகாரத்தோடு. இதயநோய்க்காக வைத்தியர் எழுதித்தந்த அஸ்பிரினை நாள்தோறும் எடுப்போர் அதைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். காய்ச்சல் கண்ட அன்றே அங்குள்ள வைத்தியரிடம் மருந்துப் பெட்டியையே எடுத்துச்சென்று காட்டுங்கள்.