கூடாரமும் கூண்டு வண்டியும்



இவ்வாண்டு வாலிபர் முகாமை மலைவாசத்தலத்து விடுதியில் நடத்தாமல், வெள்ளாற்றங்கரைத் தோப்பொன்றில், மின்கம்பி எட்டாத இடத்தில் மூன்று நாள் நடத்த வேண்டுமென்று நம் வாலிபர் சங்கம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. கருவேப்பிலங்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் நம் சபைத் தம்பி ஒருவர், பழைய டிராக்டர் டிரெய்லர் ஒன்றைச் சீர்செய்து, மேலே கூண்டு கட்டி, கூரையில் இரண்டு சூரியத் தகடுகளும், உள்ளே 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும், பின்புறம் மடக்கி நிமிர்த்தும் அடுப்பு மேடையும் அமைத்திருக்கிறார். சபைச் சங்கத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஐயருடைய எண்ணம் என்ன என்று பலர் கேட்டீர்கள். முகாம் நடக்கட்டும் என்பதே என் எண்ணம். ஆனால் இளைஞர்கள் சொல்லும் காரணங்களுக்காக நான் அதை ஆதரிக்கவில்லை.

அவர்கள் சொல்லும் காரணம் கைப்பேசியில் பார்த்த காணொளிகள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கார் இழுத்துச் செல்லும் சிறு வண்டி வீட்டில் குடும்பமாகப் போய், காட்டோரத்தில் தங்கி, சூரிய ஒளியில் விளக்கேற்றி வாழ்கிறார்கள். அழகுதான். ஆயினும் அந்த வண்டியின் பழைய வரலாற்றையும் அறிந்திருப்பது நல்லது. ஐரோப்பாவில் குதிரை இழுத்த வண்டி வீடுகள் முதலில் ரோமா நாடோடி மக்களுக்கும் ஊர் ஊராய்ச் சென்ற காட்சிக்காரர்களுக்கும் உரியவையாய் இருந்தன. அதுவே அவர்களுக்கு வீடு. 1880-களில் பிரிட்டனில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர் தமக்கென ஒரு வண்டியைச் செய்வித்து, ‘வாண்டரர்’ என்று பெயரிட்டு, உல்லாசமாய் நாடு சுற்றினார். ஒருவருக்குக் கதியாக இருந்தது இன்னொருவருக்கு விடுமுறையாக மாறியது அப்போதுதான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வண்டியில் ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

நம் சபையின் மூத்த தாய்மார் ஒருவர் கூட்டத்தில் சொன்னதை இளைஞர்கள் சிரித்துக் கடந்துவிட்டார்கள். நான் கடக்க இயலவில்லை. “சிம்னி விளக்கில் கண் எரிய வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த இருட்டிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவரத்தானே பாடுபட்டோம்? இப்போது காசு கட்டி அதே இருட்டுக்குள் போகிறோம் என்கிறீர்களே” என்றார் அவர். இதைவிட வலுவான மறுப்பு அன்று எழவில்லை. வறுமை பரிசுத்தமானது என்று எந்தப் போதகரும் சொல்லலாகாது. அதிலும் அதை அனுபவித்தவர் முன்னால் சொல்லவே கூடாது. கிணற்றடிக்கும் விறகுக்கும் நடந்து தேய்ந்த கால்கள் அவை.

அவருக்கு நான் சொல்ல விரும்பும் மறுமொழி லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கூடாரப் பண்டிகை யாருக்குக் கட்டளையிடப்பட்டது என்று பாருங்கள். வனாந்தரத்தில் அலைந்தவர்களுக்குக் கூடாரத்தில் தங்கும்படி கட்டளை தேவையில்லை. அவர்களுக்கு வேறு இடமே இல்லை. தேசத்தில் குடியேறி, வீடு கட்டி, திராட்சையும் தானியமும் சேர்த்த பிறகு, ஆண்டுக்கு ஏழு நாள் இலை தழைகளால் ஆன குடிசைகளில் குடியிருக்க வேண்டும் என்கிறது நியாயப்பிரமாணம். எகிப்திலிருந்து புறப்பட்டு வந்த முன்னோர் எப்படித் தங்கினார்கள் என்பதைப் பின்வரும் சந்ததி அறிய வேண்டும் என்று காரணமும் கூறப்பட்டுள்ளது. நெகேமியாவின் காலத்தில் ஜனங்கள் தங்கள் வீட்டு மாடியின்மேலேயே குடிசை போட்டார்கள் என்று வாசிக்கிறோம். கீழே நல்ல அறை இருக்கிறது. மேலே தழைக் குடிசையில் படுக்கிறார்கள். அம்மையீர், உங்கள் பேரப்பிள்ளைகள் உங்கள் இருட்டை அறியமாட்டார்கள். மூன்று இரவில் முழுதும் அறியப்போவதும் இல்லை. முதல் இரவில் நீங்களே வந்து அவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மின்சாரம் இல்லாத நாள்களை நம் வட்டாரம் சமீபத்திலும் கண்டதுண்டு. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாய் விழுந்தன. கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். பல மாநிலங்களுக்கு அது போகிறது. அந்தச் சுரங்கத்தின் அண்டை அயலில் வாழ்ந்த நாம் அந்த ஆண்டின் கடைசி இரவு ஆராதனையை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடத்தினோம். அப்போது நான் கண்டது இது: முதல் நான்கு நாள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தண்ணீர் இறைத்துக் கொடுத்தோம். பிறகு வாடகை ஜெனரேட்டர்கள் வந்தன. காசுள்ள தெருவில் தொட்டி நிரம்பியது. மற்றத் தெருவில் குடங்கள் வரிசையில் நின்றன. இருட்டு தானாக எவரையும் நல்லவராக்கிவிடாது. ஆகவே ‘இயற்கையோடு இருந்தால் ஆவிக்குரிய வாழ்வு மலரும்’ என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பதை நான் ஏற்பதில்லை.

நான் ஏற்பது வேறொன்று, அது அளவு. தம்பியின் வண்டியில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கிறது. கணக்குப்படி 1200 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் ஓர் இரவுக்கு 600 வாட்-மணிதான் நமக்கு. ஐந்து வாட் எல்.இ.டி. விளக்கு ஆறு, நான்கு மணி நேரம் எரிந்தால் 120. சிறிய ஒலிபெருக்கி இரண்டு மணி நேரத்துக்கு 100. இருபது பேரின் கைப்பேசிகளை முழுதாக ஏற்றினால் மட்டும் ஏறக்குறைய 300! பாட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஆகும் செலவைவிட அது அதிகம். விடுதி அறையின் ஒன்றரை டன் ஏ.சி.யை இந்தப் பேட்டரியில் ஓட்டினால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. தண்ணீரும் அப்படித்தான். ஊரக வீடுகளுக்கு ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. முகாமில் ஆளுக்கு 20 லிட்டர் என்று வைத்தால் இருபது பேருக்கு 400. தொட்டியில் 100 மிச்சம் இருக்கும், அது சமையலுக்கு. ஒருவன் ஒரு வாளி அதிகம் ஊற்றினால் அது இன்னொருவனுடைய வாளி. விடுதியில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குகிறவனுக்கு இது தெரிய வழியே இல்லை. மன்னாவை ஓமர் அளவால் அளந்த கதையை ஞாயிறு பள்ளியில் நாம் எத்தனை முறை கற்பித்தாலும், அளக்கிற கை வேறு, கேட்கிற காது வேறு.

நம் தமிழ்ச் சபைகளுக்குக் கூடாரம் புதிதும் அன்று. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, அங்கேயே கல்லூரி உறுப்பினராக இருந்து, பின் சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராகப் பணிசெய்த ராக்லாந்து ஐயர், 1854 முதல் வடதிருநெல்வேலியில் பங்களா கட்டாமல் கூடாரத்தில் தங்கி ஊழியம் செய்தார். ஃபென், மெடோஸ் என்னும் இரு ஐயர்கள் அவரோடு இருந்தனர். ஓரிடத்தில் கூடாரம் அடித்து, சுற்றியுள்ள ஊர்களுக்கு நடந்து போய் வந்து, பிறகு அடுத்த இடத்துக்குப் பெயர்வார்கள். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் அவர் காலமானார், வயது 43. இந்த வரலாற்றில் ஐயர்மாரைவிட என் மனத்தைத் தொடுகிறவர்கள் தெற்கத்திச் சபையார். தங்களுக்குள்ளிருந்து உபதேசியார்களை முறைவைத்து அந்தக் கூடாரங்களுக்கு அனுப்பினார்கள். செலவையும் தாங்களே ஏற்றார்கள். போகாதவர்களுக்கும் கூடாரத்தில் பங்கு இருந்தது.

இனி இளைஞர்களுக்கு ஒரு சொல். நீங்கள் தேர்ந்த தோப்புக்கு அடுத்த வயல்களில், அறுவடை முடிந்ததும் ஆட்டுக்கிடை போடுவார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து மந்தையோடு வரும் கீதாரிகள், இரவுக்கு இரவு வயலில் கிடையை மாற்றிப் போட்டு, நிலத்துக்கு எருவாகும் புழுக்கைக்கும் நீருக்கும் கூலி பெறுகிறார்கள். அவர்களுக்குச் சூரியத் தகடும் இல்லை, மூன்றாம் நாள் திரும்பிப் போக வீடும் இல்லை. பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்ட வரும் குடும்பங்களும் வயலோரக் கொட்டகையில்தான் கிடக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பு வழியிலேயே அறுந்துபோகிறது. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலை வாசித்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் பக்கத்தில் நாம் விளையாட்டாய்க் கூடாரம் அடிப்பது எளிதில் அவமதிப்பாக முடியும். ஆகவே முதலில் அவர்களிடம் போய் இடம் கேளுங்கள்; கிடைநாய்களுக்கு உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். (இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை.) துண்டுப்பிரதி எடுத்துச் செல்ல வேண்டாம். இரவு வானத்தைப் பார்த்து நேரம் சொல்ல அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அங்கே நாம் மாணவர்கள்.

சபைச் சங்கத்துக்கு நான் வைக்கும் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாறு எப்போது பெருகும் என்று சொல்ல முடியாது. பிப்ரவரியில் வைப்போம், அப்போதும் ஆற்று மணலில் எவரும் படுக்கக் கூடாது. ஜெனரேட்டர் வேண்டாம். தண்ணீரை அடிபம்பில் அடித்தே நிரப்ப வேண்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கூடாரமும் மறைவான கழிப்பிடமும் முதலில் அமையட்டும்; அமையாவிட்டால் முகாமும் வேண்டாம். பாம்பு தீண்டினால் விருத்தாசலம் அரசு மருத்துவமனைக்கு உடனே விரைய ஒரு கார் இரவு முழுதும் ஓட்டுநரோடு நிற்க வேண்டும். ஒரு கைப்பேசி மட்டும் எப்போதும் உயிரோடு இருக்கட்டும். விடுதிக்கென்று ஒதுக்கிய தொகையில் மிஞ்சுவதைச் சபை உண்டியலில் திருப்பிப் போட்டுவிட வேண்டாம். வயலோரக் கொட்டகைப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பள்ளியில் எத்தனை மாதம் இருக்கிறார்கள் என்று வாலிபர் சங்கமே விசாரித்து, அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று மார்ச் கூட்டத்தில் சொல்லட்டும்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைச் சங்கம் மறுபடி கூடுகிறது. தம்பி தம் வண்டியை ஆலய வளாகத்துக்கு ஓட்டி வருவார். மறுப்பவர்களும் ஏறிப் பாருங்கள். ஆறு விளக்கு போதுமா, எட்டு வேண்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.