பந்தியில் ஒருவரும் தனித்திருக்க வேண்டாம்

பண்டிகை நாளில் உங்கள் வீட்டுப் பந்தியைச் சற்று உற்று நோக்குங்கள், சகோதரிகளே. மச்சம் உண்போருக்குப் பத்து வகைப் பதார்த்தங்கள் பரிமாறப்படும். சைவம் காக்கும் முதியவர் ஒருவர் அவ்வீட்டில் இருப்பாராயின், அவருக்குச் சோறும் பருப்பும் ஒரு கீரையும் ஒரு மூலையில் வைக்கப்படும். அவர் குறை கூறுவதில்லை. ஆயினும், சமைத்தவர் மனத்தை அந்த மௌனம் உறுத்தவே செய்யும். இக்குறையை வியட்நாமிய இல்லத்தரசிகள் எவ்வாறு தீர்த்துக்கொள்கின்றனர் என்பதையே இவ்வாரம் கூற விழைகின்றோம்.

வியட்நாமியரின் புத்தாண்டுக்கு ‘தெத்’ என்று பெயர். சந்திர மாதக் கணக்கில் முதல் மாதத்தின் முதல் நாளே அது. ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் வருவது. 2025ஆம் ஆண்டில் ஜனவரி 29ஆந் திகதி அமைந்தது. வடபகுதியில் பயறும் பன்றியிறைச்சியும் வைத்து இலையிற் கட்டி அவித்த அரிசிக் கட்டியும், தென்பகுதியில் இளநீரில் முட்டையோடு வேகவைத்த பன்றியிறைச்சியும் அந்நாளின் விசேஷங்கள். எனினும், சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் அந்நாட்டுப் பௌத்தர் பலருக்குச் சைவ நாட்கள். நம் நாட்டில் போயா தினத்தைப் போற்றுவோர் இதனை எளிதில் உணர்வர். புத்தாண்டோ முதலாம் நாளிலேயே பிறக்கின்றது. உயிர்க்கொலையோடு ஆண்டு தொடங்கலாகாது என்று கருதும் குடும்பங்கள் அன்று முழுவதும், அல்லது காலை உணவிலேனும், மச்சத்தை விலக்குகின்றன. அன்று சைவர் ஒருவருக்காகத் தனிச் சமையல் இல்லை. அவர் உணவே வீட்டார் அனைவரின் உணவு.

அப்பந்தியில் இடம்பெறும் பலகாரங்களில் ஒன்றே ‘சாயோ சாய்’. பொரித்த சுருள் ‘சாயோ’. இறுதியில் வரும் ‘சாய்’ என்பது சைவம் எனப் பொருள்படும். வடக்கில் இச்சுருளை ‘நெம் ரான்’ என்பர். நம் தேநீர்க் கடைகளில் விற்கும் றோல்ஸுக்கு இது தூரத்து உறவு எனலாம். ஆனால் இதற்கு முட்டையும் வேண்டாம், ரஸ்குத் தூளும் வேண்டாம். மேலுறை அரிசித் தாள். அரிசி மாக்கரைசலைத் துணிமேல் மெல்லியதாக வார்த்து, ஆவியில் வேகவைத்து, மூங்கிற் தட்டியில் வெயிலில் உலர்த்தி எடுப்பது அது. தட்டியின் பின்னல் அதில் பதிந்திருப்பதைக் காணலாம்.

இருபது சுருள்களுக்கு வேண்டியவை: கோது நீக்கிய பயறு 100 கிராம், சேப்பங்கிழங்கு 250 கிராம், கரட் 100 கிராம், பயற்றம் மாவினாலான கண்ணாடிச் சேமியா 50 கிராம், காது போன்ற உலர்ந்த கருங்காளான் 15 கிராம், 22 சென்றிமீற்றர் அகலமுள்ள அரிசித் தாள் 20, உப்பு, மிளகுத் தூள், சிறிது சீனி, பொரிப்பதற்கு எண்ணெய். வெங்காயமும் உள்ளியும் இல்லையே என்று வியவாதீர்கள். நோன்பைக் கண்டிப்பாகக் காப்போர் அவற்றையும் விலக்குவர்.

பயற்றை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஆவியில் அவித்து, மசித்துக்கொள்ளுங்கள். சேமியாவை இளஞ்சூட்டு நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, ஓர் அங்குல அளவாக நறுக்குங்கள். காளானை ஊறவைத்துக் கழுவி, பிழிந்து, பொடியாக அரியுங்கள். கிழங்கையும் கரட்டையும் மெல்லிய நாராகச் சீவி, தாச்சியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நீர் வற்றிக் கிழங்கு நன்கு வேகும் வரை வதக்குங்கள். பச்சைச் சேப்பங்கிழங்கு தொண்டையை அரிக்குமாதலால் இதில் அவசரம் ஆகாது. எல்லாம் ஆறிய பின்னரே உப்பு, மிளகு, சீனி சேர்த்துப் பிசையுங்கள். பயறு கலவையைச் சேர்த்துப் பிடிக்கும். கிழங்கு நிறைவைத் தரும். காளான் பல்லுக்கு இதமாக நறுக்கெனக் கடிபடும்.

இனி எமது அநுபவம் ஒன்று. முதன்முறை இதனைச் செய்தபோது காய்கறிகளை வதக்காமலே வைத்துச் சுருட்டினோம். அரிசித் தாளையும் நீரில் முழுக நனைத்தோம். எண்ணெயில் இட்ட சில நொடிகளில் சுருள்கள் வெடித்து, எண்ணெய் அடுப்பெங்கும் தெறித்தது. கையில் இரண்டு கொப்புளங்கள். காரணம் எளியது. உள்ளே அடைபட்ட நீர் ஆவியாகி வெளியேற வழி தேடுகின்றது. வழி கிடைக்காதவிடத்து உறையைக் கிழிக்கின்றது. எனவே, இப்பலகாரத்துக்கு முதற் பகை ஈரமே.

ஆகையால், தாளை நீரில் அமிழ்த்த வேண்டாம். பிழிந்த ஈரத்துணியால் இருபுறமும் துடைத்தாற் போதும். சிறிது நேரத்தில் அது தானே இளகிவிடும். துணியை இளநீரில் நனைப்பின் சுருள் நன்கு பொன்னிறம் பெறும். இரண்டு மேசைக்கரண்டிக் கலவையை ஓரத்தில் வைத்து, ஒரு மடிப்பு மடித்து, இருபக்கங்களையும் உள்ளே தள்ளி, காற்று நில்லாதவாறு சுருட்டுங்கள். மிக இறுக்கவும் வேண்டாம். சேமியா உள்ளே சற்று உப்பும்.

எண்ணெய் மிதமாகச் சூடேறியதும், மடிப்பின் முனை கீழே இருக்குமாறு சுருள்களை ஒவ்வொன்றாக இடுங்கள். ஒன்றோடொன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒரு முறைக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம். சிறு தீயில் வெளிறிய நிறத்தில் எடுத்து ஆறவிட்டு, பரிமாறும் வேளையில் சற்றுக் கூடிய சூட்டில் மீண்டும் பொரியுங்கள். அதன் மொறுமொறுப்பு நெடுநேரம் நிற்கும். சிறுவரை அடுப்பருகே விடாதீர்கள்.

வியட்நாமியர் சூடான சுருளைச் சலாது இலையில் வைத்து, புதினா முதலிய பச்சிலைகள் சேர்த்துச் சுற்றி, தொட்டுண்பர். மீன் சாற்றுக்குப் பதிலாகச் சோயா சோஸில் தேசிக்காய்ப் புளி, சீனி, நீர், அரிந்த மிளகாய் கலந்தால் அதற்குரிய தொடுகறி ஆயிற்று.

மத்திய வியட்நாமிலுள்ள ஹுவே நகரம் 1802 முதல் 1945 வரை நுயென் மன்னர்களின் தலைநகராக விளங்கியது. விகாரைகள் மலிந்த அந்நகரின் சைவச் சமையல் நாடெங்கும் பெயர் பெற்றது. மச்சத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவதே சைவம் என்று எண்ணும் அடுக்களையில் அத்தகைய சுவை பிறவாது. மச்சச் சமையலுக்குச் செலவிடும் அதே நேரத்தையும் அக்கறையையும் காய்கறிக்கும் கொடுப்பதே அதன் இரகசியம் என்பது எமது துணிபு.

அடுத்த பண்டிகையில் இச்சுருள்களைச் செய்து, பந்தியின் நடுவில் வையுங்கள், சகோதரிகளே, மூலையில் அன்று. மச்சம் உண்போரும் அதற்குக் கை நீட்டும்போது, சைவம் காக்கும் முதியவர் முகத்தைச் சற்றே பாருங்கள். பட்ட பாடு பெரிதாகத் தோன்றாது.