கோகோபீட்டின் உப்பு எங்கே போகுது?

மாடித்தோட்டத்துக்கு ஆன்லைனில் கோகோபீட் வாங்கியிருக்கீங்களா? செங்கல் மாதிரி வரும், பக்கெட் தண்ணீரில் போட்டால் பொலபொலன்னு உப்பிடும். தேங்காய் மட்டையில் நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள்தான் அது. தொழிலில் 'காயர் பித்' என்பார்கள்.

1 கிலோ நாருக்குச் சுமார் 2 கிலோ தூள் விழும். லிக்னின் அதிகம் என்பதால் லேசில் மக்காது. பொள்ளாச்சி, உடுமலை பக்கம் நார் மில்களுக்குப் பின்னால் மலைபோல் குவிந்து கிடந்த கழிவு இது. இன்று இந்தியாவின் காயர் ஏற்றுமதியில் மதிப்பில் முதலிடம் இதற்குத்தான்.

காரணம் ஐரோப்பாவில் இருக்கிறது. அங்கே நர்சரிகள் நம்பியிருந்தது 'பீட்'. சதுப்பு நிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த தாவர எச்சம் அது. வெட்டி எடுத்தால் கார்பன் வெளியேறும். வீட்டுத்தோட்டங்களுக்கு பீட் விற்பதைத் தடை செய்யப்போவதாக 2022-ல் பிரிட்டன் அரசு அறிவித்தது. சட்டம் இழுத்தடித்தாலும், மாற்றுப் பொருளுக்கான தேடல் நிற்கவில்லை.

சிக்கல் என்னன்னா, பித்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் அதிகம். அப்படியே போட்டால் இளம் வேர் கருகிடும். உப்பு அளவைக் காட்டுவது ஈ.சி. என்ற எண். 0.5-க்குக் கீழே வந்தால் 'லோ ஈ.சி.', நல்ல விலை. அந்த எண்ணைக் குறைக்க ஒரே வழி, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவுவது. சில வாங்குபவர்களுக்காகக் கால்சியம் நைட்ரேட் கரைசலிலும் ஊறவைக்கிறார்கள். மிச்ச சோடியத்தை அது வெளியே தள்ளும்.

தள்ளிய உப்பு எங்கே போகும்? தார்ப்பாய் விரிக்காத களத்திலும் குழியிலும் கழுவினால், நேரா நிலத்தடிக்குத்தான். கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிறது, உப்பு கரிக்கிறது என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் புகார் சொன்னார்கள். 2021-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காயர் தொழிலை 'வெள்ளை' வகையிலிருந்து 'ஆரஞ்சு' வகைக்கு மாற்றியது. அனுமதியும் கண்காணிப்பும் கூடின. சிறு மில்காரர்கள் கொதித்துப் போராடினார்கள்.

அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கு. ஆனால் பித் கழுவும் இடத்தை 'மாசே இல்லாத தொழில்' என்று எழுதி வைத்திருந்ததுதான் முதல் தப்பு. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதை வைத்து வகை பிரித்திருந்தால் இவ்வளவு சண்டை வந்திருக்காது.

தளம் போட்ட தொட்டி, தண்ணீரைப் பிடித்துச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது, எல்லாம் தெரிந்த வழிதான். செலவுதான் பிரச்சினை. வெளிநாட்டு வாங்குபவர் ஈ.சி. சான்றிதழ் கேட்கிறார், அதற்கு விலையும் தருகிறார். அந்த விலையில் கழுவிய தண்ணீருக்கான பங்கைச் சேர்த்துக் கேட்க ஒரு சின்ன மில்காரரால் தனியாக முடியாது. கேட்டால் ஆர்டர் பக்கத்து மில்லுக்குப் போயிடும்.