குழாய்க்குக் கொடுக்கிறோம், தண்ணீருக்கு?

கொங்குப் பகுதியில் பல தோட்டங்களின் கிணற்று மேட்டில் கறுப்புக் குழாய்கள் சுருட்டிக் கிடக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தால், தண்ணீர் சொட்டும் துளை வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்திருக்கும். இரண்டு மூன்று இடத்தில் அணில் கடித்திருக்கும். பக்கத்திலேயே மஞ்சளுக்கு வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். அந்தக் குழாய் அரசு மானியத்தில் வந்தது.

சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க, ஐந்து ஏக்கர் வரை வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. மத்திய அரசின் பங்கு போக மிச்சத்தை மாநில அரசு போடுகிறது. நல்ல திட்டம், தொடர வேண்டிய திட்டம். ஆனால் நாம் குழாய்க்குத்தான் பணம் கொடுக்கிறோம், மிச்சமாகும் தண்ணீருக்கு அல்ல. சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று எல்லாம் கொடுத்து, குழாய் பதித்து, அதிகாரி வந்து பார்த்துப் போனதும் கணக்கு முடிந்துவிடுகிறது.

குழாய் ஒழுங்காக ஓடினாலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு ஏக்கர் வாழைக்கே திணறிய கிணறு இப்போது மூன்று ஏக்கருக்குப் போதும் என்றால், மூன்றாவது ஏக்கரிலும் நடத்தான் தோன்றும். அதில் விவசாயியைக் குறை சொல்ல ஏதுமில்லை. அவர் விட்டுவைக்கும் தண்ணீருக்கு யாரும் ஒரு ரூபாய் தருவதில்லை. அடுத்த தோட்டத்து போர்வெல் அதை இழுத்துக்கொள்ளும்.

பஞ்சாபில் 2018இல் ஒரு முயற்சி தொடங்கியது. ‘பானி பச்சாவோ, பைசா கமாவோ’ என்று பெயர். தண்ணீரைச் சேமி, காசு சம்பாதி என்று பொருள். இங்கே போலவே அங்கேயும் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மோட்டார் குறைவாக ஓடினால் இழுக்கும் தண்ணீரும் குறையும் என்பதே கணக்கு. விரும்பிச் சேர்ந்தவரின் மோட்டாருக்கு மீட்டர் வைத்து, இவ்வளவு யூனிட் என்று ஒதுக்கினார்கள். அதில் மிச்சம் பிடித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போனது. கூடுதலாக ஓட்டினாலும் கட்டணம் இல்லை.

இங்கே மீட்டர் என்றாலே விவசாயிக்கு வயிற்றைக் கலக்கும். காரணம் இருக்கிறது. 1970களில் மின் கட்டணத்தை எதிர்த்துப் போராடியவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். 1990இல் கிடைத்த இலவச மின்சாரத்துக்குப் பின்னால் அந்தச் சாவுகள் இருக்கின்றன. ஆகவே முதல் அடியை அரசுதான் வைக்க வேண்டும். மீட்டர் பில் போடுவதற்கு அல்ல, பணம் தருவதற்கு என்று அரசாணையிலேயே எழுதிக் கொடுக்கட்டும். நிலத்தடி நீர் அதிநுகர்வு என்று அரசே அறிவித்துள்ள குறுவட்டங்கள் சிலவற்றில், விரும்பி வருபவர்களோடு தொடங்கிப் பார்க்கட்டும். குழாய் பதித்த கம்பெனிக்கும் மூன்றாம் வருடச் சர்வீஸ் முடிந்த பிறகே கடைசித் தவணை என்று வைக்கலாம்.

விவசாயிக்கும் ஒரு பங்கு உண்டு. வடிகட்டியைக் கழற்றிக் கழுவுவது கால்மணி நேர வேலை. அதைச் செய்யாத தோட்டத்தில் ஊர்ப்பணம் அடைத்துக் கிடக்கிறது. நகரத்தில் இருக்கும் நாமும், நிலத்தடி நீருக்காக விவசாயிக்குக் கொடுக்கும் பணத்தை இலவசம் என்று பேசுவதை விட வேண்டும். நம் வீட்டு போர்வெல்லும் அதே நிலத்தைத்தான் உறிஞ்சுகிறது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். தமிழ்நாட்டில் அன்று கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அன்று சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். தோட்டம் உள்ளவர்கள், முதலில் உங்கள் கிணற்றை அளந்து, அந்த அளவை எழுதிக் கொண்டுபோங்கள்.