புகை எப்போது வருகிறது?

இன்ஜின் வேலை முடிந்து வந்த காரில் முதல் மாதமே நீலப் புகை வந்தால், கார்க்காரர் வாயில் வரும் முதல் வார்த்தை "ஏமாத்திட்டான்" என்பதுதான். போருக்கும் பிஸ்டனுக்கும் ரிங்குக்கும் கொட்டிக் கொடுத்த காசு கண்ணெதிரே புகையாகப் போனால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? ஆனால் அந்த ஆத்திரத்தோடு ஒர்க்‌ஷாப்பில் போய் நின்று, "மறுபடி இன்ஜினை இறக்கு" என்று கேட்பவர்களில் பலர், பிரிக்க வேண்டாத இடத்தைப் பிரிக்கச் சொல்கிறார்கள்.

எங்கள் அக்கா வீட்டு மாமா கோயம்புத்தூரில் ஒரு பழைய மாருதி 800 வைத்திருக்கிறார். 796 சிசி, மூன்று சிலிண்டர். அந்த மாடலின் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. மாமா மட்டும் அதை விடுவதாக இல்லை. போர் அடித்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் போட்டு எடுத்து வந்தார். இழுவையில் ஒரு குறையும் இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் சைலன்சரிலிருந்து குப்பென்று நீலப் புகை. அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அப்புறம் நாளெல்லாம் ஓட்டினாலும் இல்லை.

சண்டைக்கே கிளம்பியவரோடு நானும் போனேன். மெக்கானிக் எங்கள் புகாரைப் பாதியிலேயே நிறுத்தினார். "நீலம்னா ஆயில் எரியுது. அது தெரிஞ்சதுதானுங்க. எப்பப் புகையுது, அதச் சொல்லுங்க."

கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், விடாமல் வரும் வெள்ளை என்றால் தண்ணீர், நீலம் என்றால் ஆயில் என்பது வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் பாடம். புகையின் நேரத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. சிலிண்டருக்குள் ஆயில் நுழையப் பெரும்பாலும் இரண்டே வழி. கீழேயிருந்து ரிங்கைத் தாண்டி ஏறலாம். மேலே ஹெட்டிலிருந்து, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு வழியாக இறங்கலாம். ரிங் வழியாக ஏறினால் வண்டி ஓடுகிற நேரமெல்லாம் புகையும். மேட்டில் மிதித்தால் இன்னும் கூடும். கைடு வழியாக இறங்குவது அப்படியல்ல. கைடின் தலையில் வால்வு சீல் என்று ஒரு சின்ன ரப்பர் தொப்பி உண்டு. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து அது இறுகிப்போனால், ராத்திரி வண்டி நிற்கும்போது ஹெட்டில் தங்கிய ஆயில் வால்வுத் தண்டைப் பிடித்துக்கொண்டு கசிந்து இறங்கும். காலையில் செல்ஃப் அடித்ததும் இறங்கியது மொத்தமும் எரியும். தீர்ந்ததும் புகை நின்றுவிடும்.

இதை உறுதி செய்ய மெக்கானிக் சொன்ன வழி, கோவைக்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்க வேண்டும். காற்றுப் பாதை மூடியிருக்க, பிஸ்டன்கள் இழுத்துக்கொண்டே இருப்பதால் கைடு தளர்ந்திருந்தால் அந்த உறிஞ்சலில் ஆயிலும் வரும். மலை இறங்கி முடித்துச் சமமான இடத்தில் மிதித்தால் கண்ணாடியில் நீலம் தெரியும். மலை இல்லாத ஊரில் இன்ஜினைச் சில நிமிடம் ஐடிலில் விட்டு, ஒருவரைப் பின்னால் நிறுத்திவிட்டு ரேஸ் செய்தாலே போதும். மாமாவின் வண்டி மலையிலும் புகைந்தது.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும் முன்பே மூன்று பிளக்கையும் கழற்றினோம். ஓரத்து இரண்டும் உலர்ந்து பழுப்பாக இருந்தன. நடு பிளக் மட்டும் கரிபிடித்து, அதன் மரையில் ஆயில் மினுங்கியது. அதன்பின் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். ஒரு சிலிண்டரில் அளவு குறைந்திருந்தால், பிளக் ஓட்டை வழியே ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்; ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. இங்கே மூன்றும் சமமாகவே காட்டின. கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் வால்வு சீலும் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. கம்ப்ரஷனைப் பிடித்துவைப்பது வால்வு உட்காரும் சீட். ஆயிலைத் தடுப்பதுதான் சீல்.

புது இன்ஜினில் இது எப்படி வந்தது? "ஹெட் நல்லாத்தான் இருக்கு, அதுல கை வைக்க வேண்டாம்" என்று செலவைக் குறைத்தவர் மாமாவேதான். புது ரிங் நன்றாகப் பிடிக்கும்போது உறிஞ்சலும் கூடும். அதுவரை ஏதோ சமாளித்துக்கொண்டிருந்த பழைய கைடு அப்போதுதான் குட்டை உடைக்கும். சீல் மாற்றியும் புகை வருவதுண்டு. வால்வு லாக் உட்காரும் பள்ளத்தின் கூர்மையான விளிம்பில் உரசி, மாட்டும்போதே சீலின் உதடு கிழிந்திருக்கும். அல்லது தேய்ந்த கைடின் மேலேயே புது சீலை மாட்டியிருப்பார்கள்; வால்வு ஆட ஆட அது சீக்கிரமே வாய் பிளந்துவிடும்.

மாமாவின் வண்டியில் ஹெட்டை மட்டும் இறக்கினார்கள். நடு சிலிண்டரின் இன்லெட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அசைத்தபோது அதன் ஆட்டம் கைக்கே தெரிந்தது. லேத்தில் புது கைடு அடித்து, சீட் வெட்டி, எல்லா சீலையும் மாற்றினார்கள். சண்டைபோட்டு மறுபடி பிரிக்கச் சொல்ல இருந்த போரும் பிஸ்டனும் தொடப்படவே இல்லை.

எல்லாப் புகைக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்பதில்லை. பூட்டும்போது தடவிய ஆயில் முதல் சில ஸ்டார்ட்டுகளில் எரியத்தான் செய்யும். ரிங் போரோடு பழகவும் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். டிப்ஸ்டிக்கில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறதா, இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்க்கக் காசு செலவில்லை. ஆனால் பியூசி சான்றிதழைக் காட்டி "வண்டி பாஸ்" என்று நிம்மதி அடைய முடியாது. அந்தச் சோதனை பெட்ரோல் வண்டியில் ஐடிலில் வரும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் அளக்கிறது; காலையில் அரை நிமிடம் வந்துபோன நீலம் அதில் ஏறாது.

அடுத்த முறை இன்ஜின் வேலைக்கு எஸ்டிமேட் கேட்கும்போது கைடும் சீலும் அதில் சேர்த்தியா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த வரி இல்லாத எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டிவிட்டு, பிறகு புகையைப் பார்த்து மெக்கானிக்கைத் திட்டுவது நியாயமில்லை.